ஆப்பிள் மரத்தடிக்கு நடந்த நண்பர்கள்
பட்டம் பெற ஓர் இளைஞர் சொன்ன வாக்கியம், நூறாண்டு கழித்து யந்திரங்களுக்குக் காவலான கதை

மாலை மணி ஐந்து அடிக்கும். மூன்று பேர் நடக்கக் கிளம்பிவிடுவார்கள். போய்ச் சேரும் இடம் ஓர் ஆப்பிள் மரம். வழி நெடுகப் பேச்சு. அந்தப் பேச்சு ஊர் வம்பைப் பற்றியதல்ல. எல்லாம் கணக்கைப் பற்றியதுதான்!

இது நடந்தது 1880-களில், ஜெர்மனியின் கிழக்குக் கோடியில் இருந்த கோனிக்ஸ்பெர்க் என்ற நகரத்தில். இன்று அந்த நகரம் ருஷ்யாவைச் சேர்ந்தது. பெயரும் கலினின்கிராட் என்று மாறிவிட்டது.

மூவரில் மூத்தவர் ஹூர்விட்ஸ். சர்வகலாசாலை ஆசிரியர். மற்ற இருவரும் மீசை அரும்பும் வயதைச் சற்றே கடந்த வாலிபர்கள். ஒருவர் டேவிட் ஹில்பர்ட். இன்னொருவர் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி. இவர் ஹில்பர்ட்டைவிட இரண்டு வயது இளையவர். இருவரும் உயிர் நண்பர்கள்.

பிற்காலத்தில் இருவரும் உலகப் புகழ் பெற்றார்கள். ஆனால் ஆளுக்கொரு பாதையில் போனார்கள். ஹில்பர்ட், அல்ஜீப்ராவும் ஜியாமெட்ரியும் கைகோக்கும் துறைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர். மின்கோவ்ஸ்கியோ, முட்டை போலவும் பந்து போலவும் எங்கும் குழிவு விழாத உருவங்களைப் பற்றிய சாஸ்திரத்தை வளர்த்தார்.

அந்த இரண்டு பாதைகளும் ஓரிடத்தில் சந்தித்தன. ஆனால் அதைப் பார்க்க இரு நண்பர்களும் உயிரோடு இல்லை. சந்திப்பு நடந்தது நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, கம்ப்யூட்டர் காலத்தில்! அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

ஒரு சின்ன விளையாட்டு

கதைக்குள் போகும் முன் ஒரு விளையாட்டு. வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலும் காகிதமும் போதும்.

ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அதை அதே எண்ணால் பெருக்குங்கள். வந்த விடையிலிருந்து, முதலில் நினைத்த எண்ணின் ஆறு மடங்கைக் கழியுங்கள். பிறகு பத்தைக் கூட்டுங்கள்.

ஐந்தை நினைத்திருந்தால், ஐயைந்து இருபத்தைந்து. அதில் முப்பது போகவேண்டும், ஐந்து குறைகிறது. பத்தைக் கூட்டினால் மிச்சம் 5. பத்தை நினைத்திருந்தால் 100-ல் 60 போய் 40. பத்தைக் கூட்டினால் 50. மூன்றை நினைத்திருந்தால் 9-ல் 18 கழிந்து, 10 கூடி, விடை 1.

இப்படி எந்த எண்ணைப் போட்டாலும் விடை பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது. ஒன்றுக்குக்கூடக் கீழே இறங்காது! செய்து பாருங்கள்.

ஆனால் ஒரு சந்தேகம் வருகிறதல்லவா? நூறு எண்களைப் போட்டுப் பார்த்தாயிற்று, சரி. நூற்றோராவது எண் காலை வாரிவிட்டால்? எண்களுக்கோ முடிவே கிடையாது. ஆயுள் முழுவதும் போட்டுப் பார்த்தாலும் "எப்போதும் இறங்காது" என்று அடித்துச் சொல்ல முடியுமா?

முடியும். அதற்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. நினைத்த எண்ணிலிருந்து மூன்றைக் கழியுங்கள். மிச்சத்தை அதே மிச்சத்தால் பெருக்குங்கள். ஒன்றைக் கூட்டுங்கள். முன்பு வந்த அதே விடை வரும்! ஐந்தில் மூன்று போனால் இரண்டு, ஈரிரண்டு நான்கு, ஒன்று கூட ஐந்து. பத்தில் மூன்று போனால் ஏழு, ஏழேழு நாற்பத்தொன்பது, ஒன்று கூட ஐம்பது. வேஷம்தான் வேறு, ஆள் ஒன்றே.

ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருவதை வர்க்கம் என்கிறோம். வர்க்கம் ஒருபோதும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. கழித்தல் மூன்றைக் கழித்தல் மூன்றால் பெருக்கினாலும் கூட்டல் ஒன்பதுதான். ஆகவே, ஒரு வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் அது ஒன்றுக்குக் குறைய வழியே இல்லை. தீர்ந்தது வழக்கு! ஆயிரம் சோதனைகள் செய்யமுடியாத காரியத்தை ஒரே ஒரு வரி செய்துவிட்டது.

மேடையில் எதிரும் புதிரும்

மின்கோவ்ஸ்கி ருஷ்ய சாம்ராஜ்யத்தில் பிறந்த யூதர். சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் கோனிக்ஸ்பெர்க்கில் குடியேறியது. கூச்ச சுபாவம் உள்ளவர். ஆனால் அறிவிலே சூரர். ஓர் எண்ணை ஐந்து வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எத்தனை விதமாக எழுதலாம் என்ற புதிருக்குப் பாரிஸ் நகரத்து விஞ்ஞான மன்றம் பரிசு அறிவித்திருந்தது. 1883-ம் ஆண்டு அந்தப் பரிசு, ஹென்றி ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பேராசிரியருக்கும் மின்கோவ்ஸ்கிக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. அப்போது மின்கோவ்ஸ்கிக்கு வயது பதினெட்டு!

1885-ம் ஆண்டு அவர் டாக்டர் பட்டத்துக்கு நின்றார். அந்தக் காலத்து வழக்கப்படி, பட்டம் பெற விரும்புகிறவர் சபை நடுவே சில கருத்துக்களை எடுத்துச் சொல்லவேண்டும். அவற்றை எதிர்த்து வாதாடச் சிலரை நியமிப்பார்கள். மின்கோவ்ஸ்கியை எதிர்த்து வாதாட வந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அவருடைய ஆருயிர் நண்பர் ஹில்பர்ட்டேதான்.

அன்று மின்கோவ்ஸ்கி சொன்ன கருத்துக்களில் ஒன்று நம் விளையாட்டைப் பற்றியது என்றே வைத்துக்கொள்ளலாம். வர்க்கங்களைக் கூட்டி எழுதிய கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது. இது எல்லாருக்கும் தெரியும். அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டால் என்ன? பூஜ்யத்துக்குக் கீழே இறங்காத ஒவ்வொரு கணக்கையும் வர்க்கங்களின் கூட்டலாக எழுதிவிட முடியுமா?

"முடியும் என்று தோன்றவில்லை" என்பதுதான் மின்கோவ்ஸ்கியின் கட்சி. ஹில்பர்ட் எதிர்த்துப் பேச வந்தவர். ஆனால் வாதத்தின் முடிவில், மின்கோவ்ஸ்கியின் கட்சியே சரியாக இருக்கலாம் என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். மின்கோவ்ஸ்கி டாக்டரானார்.

இத்தோடு விஷயம் முடிந்திருக்கலாம். பட்டம் வாங்கியாயிற்று, வாதம் ஓய்ந்தது. ஆனால் ஹில்பர்ட் அந்தக் கேள்வியை விடவில்லை. மூன்று ஆண்டுகள் அது அவர் மனத்தைக் குடைந்துகொண்டே இருந்தது.

இருக்கிறது, ஆனால் எங்கே?

1888-ம் ஆண்டு ஹில்பர்ட் விடை கண்டுபிடித்தார். நண்பர் சொன்னதே சரி!

நம் விளையாட்டைப் போல ஒரே ஓர் எண்ணை வைத்து ஆடும் கணக்கு என்றால் கவலை இல்லை. கீழே இறங்காத கணக்கை எப்போதும் வர்க்கங்களாக எழுதிவிடலாம். எத்தனை எண்களை வைத்து ஆடினாலும், வர்க்கத்துக்கு மேல் பெருக்காத கணக்கு என்றாலும் கவலை இல்லை. இரண்டு எண்களை வைத்து நான்காம் பெருக்கம் வரை போகும் கணக்கும் அப்படியே. இந்த மூன்று வகைகளையும் தாண்டிவிட்டால் பிறகு உத்தரவாதம் கிடையாது. கீழே இறங்காமலும், வர்க்கங்களாகப் பிரியாமலும் அடம் பிடிக்கும் கணக்குகள் அங்கே இருக்கின்றன.

"இருக்கின்றன" என்று ஹில்பர்ட் நிரூபித்தார். "இதோ ஒன்று" என்று எளிதாக எழுதிக் காட்டவில்லை. பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருப்பதை அடையாளங்களால் நிச்சயமாக நிரூபித்தார். ஆளை வெளியே கூட்டிவரவில்லை.

1900-ம் ஆண்டு பாரிஸ் நகரில் உலகக் கணித மாநாடு கூடியது. பிறந்த நூற்றாண்டில் கணித நிபுணர்கள் எந்தெந்தப் புதிர்களைத் தீர்க்கவேண்டும் என்று ஹில்பர்ட் அங்கே பேசினார். பிறகு அச்சிட்ட பட்டியலில் மொத்தம் 23 புதிர்கள் இருந்தன. பதினேழாவது புதிர், நண்பரோடு வாதாடிய பழைய கேள்வியின் வாரிசு. வர்க்கங்களின் கூட்டல் போதாது என்றால், வகுத்தலையும் சேர்த்துக்கொள்வோம். பின்னங்களின் வர்க்கங்களையும் அனுமதித்தால் எல்லாக் கணக்கும் வசப்படுமா?

இதற்குள் ஹில்பர்ட் ஜெர்மனியின் கேட்டிங்கன் சர்வகலாசாலைக்குப் போய்விட்டார். 1902-ல் மின்கோவ்ஸ்கியையும் அங்கேயே வரவழைத்துக்கொண்டார். மீண்டும் சேர்ந்து நடந்தார்கள். மீண்டும் பேச்சு. ஆனால் அந்த இன்பம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1909-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி, குடல்வால் நோய் முற்றி மின்கோவ்ஸ்கி காலமானார். வயது நாற்பத்து நான்குதான். அந்தச் செய்தியை மாணவர்களிடம் சொன்னபோது ஹில்பர்ட் கண்ணீர் விட்டார். நண்பர் எழுதிய கட்டுரைகளை எல்லாம் திரட்டி நூலாகக் கொண்டுவரும் பொறுப்பையும் அவரே ஏற்றார்.

பதினேழாவது புதிரை 1927-ல் எமில் ஆர்ட்டின் என்பவர் தீர்த்தார். விடை: ஆம், வகுத்தலைச் சேர்த்தால் எல்லாம் வசப்படும். வேறு விதமாகச் சொன்னால், அடம் பிடிக்கும் கணக்கைத் தகுந்த ஒரு வர்க்கக் கூட்டலால் பெருக்கினால், அது வழிக்கு வந்துவிடும்!

அடம் பிடித்த கணக்கு

பூட்டிய வீட்டுக்குள் இருந்த ஆளை வெளியே கூட்டிவர 1967-ம் ஆண்டு ஆயிற்று. கூட்டி வந்தவர் தியோடர் மோட்ஸ்கின். பெர்லினில் பிறந்து, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர் எழுதிக் காட்டிய கணக்கு எவ்வளவு சிறியது தெரியுமா? நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

இரண்டு எண்களை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனியே வர்க்கம் ஆக்குங்கள். அந்த இரண்டு வர்க்கங்களையும் கூட்டி, மூன்றைக் கழியுங்கள். வந்ததை முதல் வர்க்கத்தால் பெருக்குங்கள். இரண்டாம் வர்க்கத்தாலும் பெருக்குங்கள். கடைசியில் ஒன்றைக் கூட்டுங்கள்.

இரண்டையும் ஒன்றையும் நினைத்தால், வர்க்கங்கள் 4, 1. கூட்டினால் 5. மூன்று போக 2. நான்கால் பெருக்க 8. ஒன்றால் பெருக்கினாலும் 8. ஒன்று கூட 9. ஒன்றையும் ஒன்றையும் நினைத்தால், ஒன்றும் ஒன்றும் இரண்டு. மூன்றைக் கழித்தால் ஒன்று குறைகிறது. கடைசியில் ஒன்றைக் கூட்ட, விடை சரியாகப் பூஜ்யம். அதற்குக் கீழே? எந்த எண்ணைப் போட்டாலும் போகாது. ஆனால் இதை வர்க்கங்களின் கூட்டலாக எழுதவும் முடியாது. என்ன முயன்றாலும் முடியாது!

ஆர்ட்டின் சொன்ன வைத்தியத்தை இதற்குச் செய்து பார்ப்போம். நினைத்த இரண்டு எண்களின் வர்க்கங்களோடு ஒன்றைக் கூட்டுங்கள். அதுதான் மருந்து. இரண்டும் ஒன்றும் நினைத்த கணக்கில் அது 4+1+1=6. விடையான ஒன்பதை ஆறால் பெருக்கினால் 54.

இந்த 54 ஐந்து துண்டுகளாகப் பிரியும். மூன்றின் வர்க்கம் 9. பூஜ்யத்தின் வர்க்கம் 0. மறுபடியும் மூன்றின் வர்க்கம் 9. ஆறின் வர்க்கத்தில் கால் பங்கு 9. ஆறின் வர்க்கத்தில் முக்கால் பங்கு 27. கூட்டிப் பாருங்கள்: 9+0+9+9+27=54. கச்சிதம்!

இந்த ஓர் இரட்டை எண்ணுக்கு மட்டுமல்ல. எந்த இரண்டு எண்ணை நினைத்தாலும் அதே ஐந்து துண்டுகள் தயாராக இருக்கின்றன. அவற்றின் உருவத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். மருந்து ஒருபோதும் ஒன்றுக்குக் குறையாது. துண்டுகள் ஒருபோதும் பூஜ்யத்துக்குக் குறையாது. ஆகவே கணக்கும் பூஜ்யத்துக்குக் குறையாது.

ஆனால் அந்த ஐந்து துண்டுகளைக் கண்டுபிடிப்பது எப்படி? ஊகத்தாலா? அதிர்ஷ்டத்தாலா? இங்கேதான் மின்கோவ்ஸ்கியின் பாதை வந்து சேருகிறது.

கிண்ணமும் மலைநாடும்

முழுத் தோசை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் எந்த இரண்டு இடத்திலாவது இரண்டு எறும்புகளை நிறுத்தி, நடுவே ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். நூல் முழுவதும் தோசைமேலேயே கிடக்கும். ஓரத்தில் ஒரு கடி கடித்துவிட்டால்? கடித்த இடத்தின் இரு பக்கத்திலும் எறும்புகள் நின்றால் நூல் வெற்றிடத்தைத் தாண்டும். நூல் வெளியே போகாத உருவத்துக்குக் குவிவு உருவம் என்று பெயர். பந்து, முட்டை, செங்கல் எல்லாம் குவிவு உருவங்கள். பிறைச் சந்திரன் அல்ல, வாழைப்பழம் அல்ல. இந்தக் குவிவு உருவங்களின் சாஸ்திரத்தை வளர்த்த முன்னோடி மின்கோவ்ஸ்கி.

இதனால் என்ன பிரயோஜனம்? கண்ணைக் கட்டிய ஒருவரை ஒரு பெரிய கிண்ணத்துக்குள் இறக்கி விடுங்கள். காலால் தடவி, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டே போனால் போதும். அடிமட்டத்துக்குத் தானாக வந்து சேருவார். அதே ஆளை மலைநாட்டில் விட்டால்? ஏதோ ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி, "இதுதான் அடிமட்டம்" என்று உட்கார்ந்துவிடுவார். அடுத்த குன்றுக்கு அப்பால் பாதாளம் இருப்பது அவருக்குத் தெரியாது.

எல்லாவற்றிலும் குறைந்த செலவு எது, எல்லாவற்றிலும் சிறந்த வழி எது என்று தேடும் கணக்குகளும் இப்படித்தான். குவிவாக இருந்தால் கிண்ணம். இல்லாவிட்டால் மலைநாடு.

கிண்ணக் கணக்குகள் இருபதாம் நூற்றாண்டில் மளமளவென்று வசமாயின. 1939-ல் ருஷ்யாவின் கான்டரோவிச், ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையில் யந்திரங்களுக்கு வேலையைப் பங்கிடும் கணக்கிலிருந்து தொடங்கி ஒரு முறையை வகுத்தார். பின்னால் 1975-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்களில் இவரும் ஒருவர். 1947-ல் அமெரிக்காவின் டான்ட்சிக் மற்றொரு முறை கண்டார். அது குவிவு உருவத்தின் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு ஓரமாகவே நடந்து போகும். 1984-ல் நம் இந்தியரான நரேந்திர கர்மார்க்கர், அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தபோது, உருவத்தின் உட்புறமாகவே புகுந்து போகும் வேகமான வழியைக் காட்டினார். நெஸ்டரோவ், நெமிரோவ்ஸ்கி என்ற இரு ருஷ்ய நிபுணர்கள் அந்த உள்வழியை இன்னும் பலவகைக் குவிவு உருவங்களுக்கு நீட்டினார்கள்.

இரண்டு பாதைகள் சேர்ந்த இடம்

இப்போது கவனியுங்கள். வர்க்கங்களின் கூட்டலாக எழுதப்பட்ட கணக்குகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்து வைத்திருப்பதாகப் பாவித்துக்கொள்ளுங்கள். அதில் ஏதாவது இரண்டை எடுத்து, இதில் பாதி, அதில் பாதி என்று கலக்குங்கள். வருவது என்ன? அதுவும் வர்க்கங்களின் கூட்டல்தான். கால் பங்கும் முக்கால் பங்குமாகக் கலந்தாலும் அப்படித்தான். அதாவது, இரண்டு எறும்புகளுக்கு நடுவே கட்டிய நூல் வெளியே போகவே இல்லை!

ஆகவே, வர்க்கக் கூட்டல்களின் கூட்டம் முழுவதும் மின்கோவ்ஸ்கியின் குவிவு உருவம்! ஹில்பர்ட் ஆராய்ந்த அல்ஜீப்ராக் கணக்குகள், மின்கோவ்ஸ்கி ஆராய்ந்த உருவத்துக்குள் குடியிருக்கின்றன.

இதன் பலன் பெரிது. "இந்தக் கணக்கு எங்காவது பூஜ்யத்துக்குக் கீழே இறங்குமா?" என்று நேரே தேடுவது மலைநாட்டில் அலைவது. "இதை வர்க்கங்களாக எழுத முடியுமா?" என்று கேள்வியை மாற்றிக்கொண்டால், மலைநாடு கிண்ணமாகிவிடுகிறது. கிண்ணத்தில் தேடக் கம்ப்யூட்டருக்கு வழி தெரியும்.

1987-ல் கீவ் நகரத்தைச் சேர்ந்த ஷோர் என்பவர் இந்தத் தொடர்பின் ஒரு நுனியைப் பிடித்தார். 2000-ம் ஆண்டில் அர்ஜென்டினாவில் பிறந்த பாப்லோ பரில்லோ என்ற இளைஞர், அமெரிக்காவில் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆராய்ச்சியில் இதை முழு முறையாக வகுத்துக் காட்டினார். அவர் படித்த பாஸடீனா, மோட்ஸ்கின் வாழ்ந்த லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை ஒட்டிய ஊர்! 2001-ல் பிரான்சின் துலூஸ் நகரத்து லாசர் இதே சிகரத்துக்கு வேறு பக்கத்திலிருந்து ஏறி வந்தார். வாதம் டாக்டர் பட்டத்தில் பிறந்தது. நூற்றுப் பதினைந்து ஆண்டு கழித்து இன்னொரு டாக்டர் பட்டத்தில் பலன் கொடுத்தது.

அடம் பிடிக்கும் கணக்கு வந்தால்? மருந்தை ஏற்றவேண்டியதுதான். முதல் வேளை மருந்தில் மசியாவிட்டால் அடுத்த வேளை இன்னும் வீரியமான மருந்து. ஒவ்வொரு படியும் ஒரு கிண்ணம்தான். மோட்ஸ்கினின் கணக்கை இன்று சாதாரணக் கம்ப்யூட்டரே பிரித்துக் காட்டிவிடும்.

கவிழாத யந்திரம்

"சரி, எண் விளையாட்டு போதும். இதனால் சோறு வேகுமா?" என்று வீட்டில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஆளில்லாமல் பறக்கும் ஒரு சிறு விமானம். காற்று ஒரு பக்கம் தள்ளுகிறது. எதிரே தூண்கள். அதைச் செலுத்தும் யந்திர மூளை சரியாக வேலை செய்யுமா? ஆயிரம் தடவை பறக்கவிட்டுப் பார்க்கலாம். ஆயிரம் தடவையும் தப்பித்துவிட்டால் ஆயிரத்து ஓராவது தடவையும் தப்புமா? நம் முதல் விளையாட்டில் வந்த அதே சந்தேகம்! அங்கே தவறினால் விடைதான் தப்பு. இங்கே தவறினால் விமானம் தூள்.

இதற்கு ஒரு பழைய யோசனை உண்டு. கிண்ணத்தில் உருளும் கோலியைப் பாருங்கள். உருண்டு உருண்டு அடியில் போய் நிற்கிறது. ஏன்? அதன் சக்தி வரவரக் குறைந்துகொண்டே போகிறது. அதுபோல, எந்த யந்திரத்துக்கும் "வரவரக் குறைந்துகொண்டே போகும்" ஓர் அளவைக் கண்டுபிடித்துவிட்டால், அது நிலைக்கு வந்து சேரும் என்று நிச்சயமாகச் சொல்லலாம். இதைச் சொன்னவர் ருஷ்ய மேதை லியாபுனோவ்; ஆண்டு 1892. ஆனால் அந்த அளவைக் கண்டுபிடிக்கப் பொதுவான வழி அவரிடம் இல்லை.

"எப்போதும் குறைகிறது" என்பதை நிரூபிப்பது, "குறையும் அளவு ஒருபோதும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது" என்று நிரூபிப்பதுதான். அப்படியானால் வர்க்கங்களைத் தேடு! கம்ப்யூட்டர் தேடித் தரும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அனிருதா மஜும்தார், ரஸ் டெட்ரேக் என்ற இருவர் இந்த வழியில் செய்த ஆராய்ச்சி 2017-ல் வெளிவந்தது. விமானம் பறக்கக்கூடிய ஒவ்வொரு பாதையைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு புனலை அவர்கள் கணக்கிட்டார்கள். குறிப்பிட்ட அளவு வரை காற்று அலைக்கழித்தாலும், புனலுக்குள் நுழைந்த விமானம் புனலை விட்டு வெளியே போகாது. அதற்கு ஜாமீன், வர்க்கங்களின் கூட்டல்! பல புனல்களை முன்பே தயாரித்து வைத்துக்கொண்டு, எதிரே தடை வரும்போது எது தூணில் இடிக்காதோ அதைத் தேர்ந்தெடுத்து விமானம் பறந்தது. மின்சாரத்தை எந்த நிலையத்திலிருந்து எவ்வளவு அனுப்பினால் செலவு குறையும் என்ற கணக்குக்கும் இந்த முறையை நிபுணர்கள் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள்.

இது சர்வரோக நிவாரணி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்காம் பெருக்கம் வரை போகும் கணக்கில் பத்து எண்கள் இருந்தால், கம்ப்யூட்டர் 66 வரிசையும் 66 பத்தியும் கொண்ட அட்டவணையை நிரப்பவேண்டும். இருபது எண்கள் என்றால் 231 வரிசை. நூறு எண்கள் என்றால் 5,151 வரிசை! பெரிய கணக்குகளில் கம்ப்யூட்டரும் மூச்சுத் திணறும். தவிர, நிரூபணம் காகிதத்தில் எழுதிய விமானத்துக்குத்தான். காற்று இவ்வளவுதான் வீசும் என்று எழுதியிருக்க, சூறாவளி வீசினால் ஜாமீன் செல்லாது.

யாரும் சரிபார்க்கலாம்

இத்தனை குறை இருந்தும் நிபுணர்கள் இதை விரும்பக் காரணம் என்ன?

கம்ப்யூட்டர் "பயமில்லை" என்று வெறும் வாய்ச்சொல் சொல்லிவிட்டால், நாம் அதை நம்பவேண்டியதுதான். வேறு வழி இல்லை. இங்கே அப்படி அல்ல. வர்க்கங்களை எழுதி நம் கையில் கொடுக்கிறது. கண்டுபிடிப்பதுதான் கடினம். சரிபார்ப்பதோ வெறும் பெருக்கலும் கூட்டலும். 54-ஐ ஐந்து துண்டாக உடைத்தோமே. அதை உங்கள் வீட்டுப் பிள்ளையே கூட்டிப் பார்த்துச் சரி என்று சொல்லவில்லையா? பெரிய கணக்கில் துண்டுகள் அதிகம். சரிபார்க்கும் முறை அதேதான்.

யந்திரங்கள் மேலும் மேலும் நம் வாழ்வில் புகும் காலம் இது. அவற்றை நம்பலாமா என்று கேட்கும்போது, "நம்பு" என்பதைவிட "நீயே பார்த்துக்கொள்" என்பது எவ்வளவு மேலான பதில்!

கடைசியாக ஒன்று. 1885-ல் நடந்த வாதத்தில் வென்றவர் மின்கோவ்ஸ்கி என்கிறோம். தோற்ற ஹில்பர்ட் என்ன செய்தார்? முகம் சுளிக்கவில்லை. மூன்று ஆண்டு உழைத்து, நண்பர் வெறும் ஊகமாகச் சொன்னதை உண்மை என்று தாமே நிரூபித்துக் கொடுத்தார். பிறகு அந்தக் கேள்வியையே உலகத்தின் முன் வைத்தார். ஒருவர் மறைந்து, மற்றவரும் 1943-ல் மறைந்தார். கோனிக்ஸ்பெர்க்கும் பெயர் மாறிவிட்டது.

ஆனால் ஐந்து மணிக்குக் கிளம்பி ஆப்பிள் மரத்துக்கு நடந்த நண்பர்களின் பேச்சு மட்டும் முடியவில்லை. எங்கோ ஓர் ஆராய்ச்சிச் சாலையில், தூண்களுக்கு நடுவே புகுந்து செல்லும் ஒரு சிறு விமானத்தில் அது இன்னும் தொடர்ந்துகொண்டிருக்கிறது.